முதல் எபிசோடில் யார் கையைப் பிடித்துக்கொள்வது?

கேள்வி: ஃபேன்டஸி வெப் சீரிஸ் ஒன்றுக்கு முதல் எபிசோடு எழுதியிருக்கிறேன். ஏழு நாடுகள், மூன்று குலங்கள், முந்நூறு வருடப் பகை எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே வாய்ஸ் ஓவரில் சொல்லிவிட்டேன். படித்த நண்பர்கள், "உலகம் பிரமாதம், ஆனால் யாருமே மனதில் ஒட்டவில்லை" என்கிறார்கள். என் நாயகன் கொஞ்சம் கொடுமைக்காரன். அவனை நல்லவனாக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாய்ஸ் ஓவரில் கை வையுங்கள்.

போலீஸ் கதையில் ஸ்டேஷனைக் காட்டினால் போதும். யார் யாருக்கு சல்யூட் அடிப்பார் என்று பார்ப்பவருக்கே தெரியும். உங்கள் கதையில் ஊர் புதிது, சாமி புதிது, சட்டம் புதிது. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலபுராணமா கேட்போம்? வழி சொல்ல ஒரு முகத்தைத்தான் தேடுவோம்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் எபிசோடைத் திரும்பப் பாருங்கள் (எச்பிஓ சேனல், 2011 ஏப்ரல் 17). பனிச்சுவருக்கு அப்பால் மூன்று காவலர்கள் மாட்டிக்கொள்வதில்தான் ஆரம்பம். பயமாக இருக்கும், ஆனால் அந்த மூவரின் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்? பிறகு ஸ்டார்க் குடும்பத்தின் கோட்டையான வின்டர்ஃபெல்லின் முற்றம். அந்த வீட்டுப் பையன், பத்து வயது பிரானுக்கு அம்பு குறி தவறிக்கொண்டே இருக்கிறது. பின்னாலிருந்து அக்கா ஆர்யா நடுப்புள்ளியில் அடித்துவிட, அவளைத் துரத்துகிறான். அதற்குள் அந்த வீடு நமக்குப் பிடித்துப்போகிறது.

அடுத்தது ஓநாய்க் குட்டிகள். தாய் செத்துக் கிடக்கிறது, குட்டிகளைக் கொன்றுவிடலாம் என்கிறார்கள், பிரான் தவிக்கிறான். குட்டிகள் ஐந்து, ஸ்டார்க் பிள்ளைகளும் ஐந்து, உங்கள் குலச்சின்னமே ஓநாய்தானே என்று குடும்பத் தலைவர் எட்டார்டிடம் வாதாடுகிறான் ஜான். அவனும் அவர் பிள்ளையாகத்தான் வளர்கிறான், ஆனால் மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவன். கணக்கு சரியாக வர, தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். 'உனக்கு?' என்று பிரான் கேட்க, நான் ஸ்டார்க் இல்லையே என்கிறான். குலச்சின்னம், வாரிசு முறை, அந்த வீட்டில் அவனுக்குள்ள இடம்: நீங்கள் மூன்று பக்கம் வாய்ஸ் ஓவர் எழுதியிருப்பீர்கள். குட்டிகள் பிழைக்குமா என்ற பதைப்பில் இருக்கும் நமக்கு, பாடம் நடந்ததே தெரியாது.

கடைசியில் அரசி செர்சியும் அவளுடைய உடன்பிறந்தவன் ஜெய்மியும் கள்ள உறவில் இருப்பதைப் பார்த்துவிட்ட பிரானை, கோபுர ஜன்னலிலிருந்து ஜெய்மி தள்ளிவிடும்போது நெஞ்சு பதறுவது, ஒரு மணி நேரமாக அவனோடு திரிந்ததால்தான். முதல் காட்சியிலேயே தள்ளியிருந்தால், யாரோ ஒரு பையன் விழுந்தான், அவ்வளவுதான்.

நண்பர்கள் சொன்னதற்காக மனம் விடாதீர்கள். இதே தொடருக்கு 2009இல் எடுத்த முதல் வடிவம் ஒளிபரப்பாகவே இல்லை. ஜெய்மியும் செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே போட்டுப் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை என்று அதை உருவாக்கியவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். நடிகர்கள் சிலரை மாற்றி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள்.

இப்போது உங்கள் கொடுமைக்காரன். பிடித்துப்போவதற்கு நல்லவனாக இருக்க வேண்டியதில்லை. செர்சியின் தம்பி டிரியன் அறிமுகமாவதே விலைமாதர் இல்லத்தில், கையில் மதுவோடு. ஆனால் விருந்துக்கு வெளியே நிற்கும் ஜானிடம் முகத்துக்கு நேராக அவன் பிறப்பைச் சொல்லிக் குத்துகிறான், கையோடு அதையே கவசமாக்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டுப் போகிறான். குள்ளனாகப் பிறந்து தானும் பட்டவன் பேச்சு அது. நமக்கு அவனைப் பிடித்துவிடுகிறது.

உங்கள் நாயகனுக்கும் ஒரு நக்கலோ, கைத்திறமையோ, பட்ட அநியாயமோ இருக்கட்டும். தெருநாய்க்கு பிஸ்கட் போடுகிற சீனை மட்டும் செருகிவிடாதீர்கள், ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். குட்டிகளைக் காப்பாற்றியதில் ஜானுக்கு நஷ்டம் இருந்தது. உங்கள் ஸ்கிரிப்டின் முதல் பத்துப் பக்கத்தில் நாயகன் எதை விரும்புகிறான், அதற்கு எதை இழக்கிறான் என்று பென்சிலால் கோடு போடுங்கள். கோடே விழாத பக்கங்களை முதலில் வெட்டுங்கள்.

முந்நூறு வருடப் பகை இப்போதைக்கு உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும். அந்தப் பகையால் அவன் வீட்டில் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டிலைக் காட்டுங்கள். பகை எப்படி வந்தது என்று மூன்றாவது எபிசோடில் பார்ப்பவரே கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.