அடைப்பு ஒன்றுதான், செல்கள் ஏன் தொடர்ந்து சாகின்றன?

கேள்வி: அப்பாவுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தது. முதல் நாள் ஸ்கேனில் சின்னதாக இருந்த பாதிப்பு மூன்றாம் நாள் பெரிதாகிவிட்டது. மூளையில் அழற்சி என்கிறார்கள். வீக்கத்துக்குக் கடையில் விற்கும் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது மூளையின் இந்த அழற்சியை அடக்காது. ரத்தக்கசிவு ஆபத்தைத்தான் கூட்டும்.

உங்கள் பயம் புரிகிறது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ரத்தம் நின்றால் நடுப்பகுதி சீக்கிரமே செத்துவிடும். அதைச் சுற்றி, அரைகுறை ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வளையம் இருக்கும். மூன்றாம் நாளுக்குள் பறிபோனது பெரும்பாலும் அந்த வளையம்தான்.

அதைக் கொல்வதில் குளுட்டமேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படும் வேதிப்பொருள் அது. ஒரு துளி வெளியே வரும், சேதி போய்ச் சேரும், பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்கள் அதை உடனே உறிஞ்சிவிடும். உறிஞ்சுவதற்குச் சக்தி வேண்டும். அது தீர்ந்ததும் குளுட்டமேட் தேங்கி, நியூரானின் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளிருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் புரதங்களை அறுக்கும் நொதிகள் கிளம்புகின்றன, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா படுத்துவிடுகிறது. செல் உள்ளிருந்தே சிதைகிறது.

சிதைந்ததை அள்ள மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா வருகின்றன. அவை விடும் அழற்சிப் பொருள்கள் ஆஸ்ட்ரோசைட்டின் உறிஞ்சும் வேலையையும் கெடுப்பதால் குளுட்டமேட் மேலும் தேங்குகிறது. இந்தச் சுழல் நாள் கணக்கில் ஓடும். ஆனால் ஆறுவதற்கும் அதே மைக்ரோக்ளியா தேவை. அதனால் அழற்சியை அடியோடு அடக்குவதும் சரியில்லை. குளுட்டமேட்டைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளிடம் நன்றாக வேலை செய்தன, பக்கவாத நோயாளிகளிடம் தோற்றுவிட்டன. எனக்கு இன்றும் ஆறாத ஏமாற்றம் அது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? காய்ச்சலும் ஏறிய சர்க்கரையும் இந்தச் சேதத்தை வேகப்படுத்தும். இரண்டும் எப்படி இருக்கின்றன என்று தினமும் கேளுங்கள். விழுங்குவதைச் சோதிக்கும்வரை வாய்வழி எதையும் கொடுக்காதீர்கள். வீக்கம் முதல் சில நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். அப்பா வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்கத் தாமதித்தாலோ, காலையில் சொல்லலாம் என்று இருக்காமல் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள்.