வாசகர் கேள்விகள்: துப்பாக்கி மேல் பறக்கும் மந்திரக்காரி

கேள்வி: பள்ளி விடுமுறையில் என் மகன் இஸெட்டா என்ற மந்திரக்காரியைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றைப் பார்த்து வருகிறான். ஒருநாள் உடன் அமர்ந்து பார்த்த என் மாமியார், விமானச் சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பர்மா ஜப்பானியர் வசமிருந்த காலத்தில் சிறுமியாக இருந்தவர் அவர். உலகப் போரை மாயாஜாலக் கதையாக்குவது முறைதானா? (வாசகி, மோல்மேன்)

பதில்: உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அம்மா, நானும் பார்த்தேன். மின்சாரம் இருந்த இரண்டு இரவுகளில் நான்கு பகுதிகளை முடித்தேன். மொத்தம் 12 பகுதிகள் என்பதால், கீழே எழுதுவதை மூன்றில் ஒரு பங்கு பார்த்தவனின் கருத்தாகவே கொள்ளுங்கள்.

2016 அக்டோபரில் ஒளிபரப்பைத் தொடங்கிய இத்தொடரை மசயா ஃபுஜிமோரி இயக்கியிருக்கிறார். ஜெர்மானியா என்னும் பேரரசு 1939இல் அண்டை நாட்டின் மீது பாய்ந்து, மறு ஆண்டு ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஐல்ஷ்டாட் என்ற சிற்றரசின் மீது கண் வைக்கிறது. பெயர்களை மாற்றியிருக்கிறார்களே தவிர, எது எந்த நாடு என்பது உங்கள் மகனுக்கே விளங்கும். உதவி கேட்டு மாறுவேடத்தில் ரயிலேறிய இளவரசி ஃபினே பிடிபடுகிறாள். அவளை ஏற்றிச் செல்லும் விமானத்திலேயே இஸெட்டாவும் சிறைப்பட்டிருக்கிறாள். துடைப்பத்தில் பறக்க வேண்டிய இந்த மந்திரக்காரி, டாங்கியைத் துளைப்பதற்கான நீளத் துப்பாக்கியின் மேல் ஏறிப் பறக்கிறாள். அந்தக் காலத்து ஆங்கிலேயப் படையிடம் இருந்த பாய்ஸ் என்னும் அவ்வகைத் துப்பாக்கி ஏறத்தாழ 16 கிலோ எடை கொண்டது என்பதை நினைத்தால், அவள் அமர்ந்திருக்கும் தோரணையைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனாலும் காட்சி கண்ணில் நிற்கிறது.

என்னை உட்கார வைத்தது பறக்கும் காட்சி அன்று. சிறு வயதில், வைக்கோல் கொட்டகை எரிந்ததற்கு இஸெட்டாவே காரணம் என்று ஊரார் அவளை அடிக்க வருகிறார்கள். ஃபினே குறுக்கே நிற்க, வைக்கோல் அள்ளும் இரும்புக் கவை அவள் வயிற்றில் பாய்கிறது. பயந்தவர்களின் கோபம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறது. மூன்றாம் பகுதியில் ஈட்டிகளும் வாள்களும் அவளைச் சூழ்ந்து பறக்க, இசை முழங்க, எதிரிப் படை சிதறும் நீண்ட சண்டை அந்த நிமிடத்துக்கு உறை போடக் காணாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாயம் கலப்பது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. மாயம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்தான் எனக்குக் குறை. நான் பார்த்தவரையில் கதை இளவரசி, தளபதி, மந்திரக்காரி ஆகியோரைச் சுற்றியே ஓடுகிறது. மூட்டை தூக்கி நடப்பவர்கள் ஓரமாக வந்து மறைகிறார்கள். நமக்கோ போர் என்றால் நடைதான். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது; 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. அந்த மாதங்களில் நம்மவர் உட்பட ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள், மேற்கே அரக்கான் பக்கமாகவும் இந்திய எல்லையோர ஊரான தமு வழியாகவும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் பசியிலும் காலராவிலும் மடிந்தார்கள். என் தாத்தா புரோம் வரை நடந்துவிட்டு, பாட்டிக்குக் காய்ச்சல் கண்டதால் திரும்பியவர். புறப்படும் முன் கொல்லையில் புதைத்த பித்தளைக் குடத்தைத் தோண்டி எடுத்தபோது அதன் வாய் நசுங்கியிருந்ததாம். அந்தக் குடம் இன்றும் எங்கள் வீட்டில் தண்ணீர் ஒழுக ஒழுக இருக்கிறது.

உங்கள் மாமியார் கதையில் முறை தவறு கண்டு எழுந்துபோனதாக நான் நினைக்கவில்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது, அவ்வளவே. மகனிடம் ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மந்திரத்தால் டாங்கியையே தூக்கிவிட முடியுமானால், பேரரசை ஒரே நாளில் அழித்துவிடலாமே? பிறகு கதை எதற்கு? (வாசகர், தட்டோன்)

பதில்: நான்காம் பகுதியில் விடை வருகிறது; முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டிவிடலாம். கிணறு வெட்டுகிறவர்கள் நீரோட்டம் பார்ப்பார்கள் அல்லவா, அதுபோல நிலத்துக்கடியில் மந்திர ஓட்டம் செல்லும் இடங்களில் மட்டுமே இஸெட்டாவின் ஆற்றல் பலிக்கும். ஓட்டமில்லாத இடத்தில் அவள் வெறும் பெண். சின்ன நாடு இதை எதிரியிடமிருந்து மறைக்க வேண்டியிருக்கிறது. தொடரில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுவே. போர்க்களத்தை விட, வரைபடத்தை விரித்து வைத்துக் கவலைப்படும் காட்சியில் எனக்குப் பதற்றம் கூடுதலாக இருந்தது.

கேள்வி: இதே வகையில் ‘யோஜோ சென்கி’ நன்றாக இருக்கும் என்கிறான் நண்பன். எதை முதலில் பார்க்கலாம்? (மாணவன், யாங்கோன்)

பதில்: தம்பி, உங்கள் வயதை எழுதவில்லை. 2017 ஜனவரியில் தொடங்கிய அத்தொடர் முதல் உலகப் போரை ஒத்த ஐரோப்பாவில் நடக்கிறது. கடவுளோடு வாதாடிய ஜப்பானிய அலுவலர் ஒருவர் சிறுமியாக மறுபிறவி எடுத்துப் படையில் சேருகிறார். இஸெட்டா இரக்கப்படுபவள், அந்தச் சிறுமி கணக்குப் போடுபவள். அதில் நகைச்சுவை கசப்பானது, கொலைகளும் அதிகம். எனவே இஸெட்டாவை முதலில் பாருங்கள். ஒன்றிரண்டு இடங்களில் பெண்களை வைத்துச் செய்யும் அசட்டு வேடிக்கை வரும். வீட்டார் முன்னிலையில் பார்ப்பதானால் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.