கை பலமா, கண்ணா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் கை பலம்தானே முக்கியம்?

பதில்: அது மட்டும் போதாது. 2000-ம் ஆண்டு வீரர் தேர்வில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் டாம் பிரேடிதான் பின்னாளில் 7 சூப்பர் பவுல் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டி) வென்றார்! உழைப்பெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே, வீடியோ அறையில். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்கும் பயிற்சியாளர் குரல் நின்றுவிடும். அதன்பின் எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, தேவையானால் திட்டத்தை மாற்றுவது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. பந்து கைக்கு வந்தால் வீச ஏறக்குறைய 3 விநாடிதான்.

தவறு பெரும்பாலும் கண்ணில் நடக்கிறது. வீசப்போகும் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தால், பின்வரிசைத் தடுப்பாளர் அந்தப் பார்வையைப் பிடித்துக் குறுக்கே பாய்வார். எனவே முதலில் வேறு பக்கம் பார்க்க வேண்டும். பந்து பறிபோனால் ஓரத்தில் டேப்லெட்டில் படத்தைப் பார்த்துக் காரணம் கண்டதோடு அதை விட்டுவிட வேண்டும். 2017 சூப்பர் பவுலில் பிரேடியின் வீச்சைப் பறித்தே எதிரணி டச்டவுன் (பந்தை எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய்ப் பெறும் புள்ளி) அடித்தது. 3-28 என்று பின்தங்கியும் அவர் அணி 34-28 என வென்றது.