பி.எஸ்.என்.எல். வீழ்ந்தது ஊழியர்களின் சோம்பலாலா?

"ஊழியர்களின் சோம்பலால்தானே பி.எஸ்.என்.எல். வீழ்ந்தது? அதை ஏன் மூடவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவிலும் இதே பேச்சுதான். என் கணக்கில் சோம்பலின் பங்கு சிறியது. பெரிய பங்கு டெல்லியில் எடுத்த, எடுக்காமல் விட்ட முடிவுகளுக்கு.

1985-ல் தபால் தந்தித் துறை, தபால் துறை, தொலைத்தொடர்புத் துறை என இரண்டாகப் பிரிந்தது. அடுத்த ஆண்டே டெல்லிக்கும் பம்பாய்க்கும் எம்.டி.என்.எல்., வெளிநாட்டு அழைப்புகளுக்கு வி.எஸ்.என்.எல். என நிறுவனங்கள் வந்துவிட்டன. 1882-லேயே தொலைபேசி நிலையம் கண்ட சென்னையோ தொலைத்தொடர்புத் துறையின் கீழேயே இருந்தது. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். பொறுப்பேற்ற பிறகுதான் நமக்குக் கம்பெனி.

துறை நடத்திய காலத்தில் போன் என்பது வசதியின் அடையாளம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் இருக்கும். பின்தெருக் குடித்தனத்தில் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் தெரிந்தவர் வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடிப்பார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து கூப்பிடுவான். வெளியூருக்குப் பேச, இரவில் கட்டணம் கால்வாசியாகும் நேரம் பார்த்து எஸ்.டி.டி. பூத் வாசலில் கூட்டம் நிற்கும். மக்களின் கோபம் அன்றே தொடங்கியது, அதில் நியாயமும் இருந்தது.

ஆனால் செல்போனில் நடந்தது வேறு கதை. 1995-ல் சென்னைக்குச் செல்போன் வந்தபோது உரிமம் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு. பி.எஸ்.என்.எல். தன் செல்போன் சேவையைத் தொடங்கியது 2002 அக்டோபரில்! ஏழு ஆண்டுகள் கையைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் இறக்கினார்கள். அப்படியும் அது ஓடியது. விரிவாக்கத்துக்காக 2006-ல் 4.55 கோடி இணைப்புகளுக்கு டெண்டர் விட்டார்கள். போட்டியில் கழிக்கப்பட்ட வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நீதிமன்றம் போனது. அமைச்சகம் விலையைக் கேள்வி கேட்டது. கடைசியில் கொள்முதல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்கான டெண்டர், 2010-ல் ரத்தானது. நாடே செல்போன் வாங்கிய ஆண்டுகள் அவை. அதே 2010-ல், ஏலத்தில் தனியார் கேட்ட விலையை வைத்து, 3ஜி மற்றும் அகன்ற அலைவரிசை அலைக்கற்றைக்காக இந்த நிறுவனத்திடமிருந்து சுமார் 18,500 கோடி ரூபாயை அரசு வாங்கிக்கொண்டது. 4ஜி அலைக்கற்றை தரும் முடிவு 2019-ல்தான் வந்தது. அதற்குள் ஜியோ வந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டன.

ஊழியர்கள் விஷயம்: 2020 ஜனவரி 31 அன்று 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போனார்கள். சோம்பல்தான் நோய் என்றால் மறுநாளே நிறுவனம் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பளச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் உள்நாட்டுக் கருவிகளோடு 4ஜி முறைப்படி தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான்.

மூடலாமா என்ற கேள்விக்கு: 2020 ஆகஸ்டில் சென்னையையும் போர்ட் பிளேரையும் அந்தமான் நிக்கோபாரின் வேறு சில தீவுகளையும் இணைத்துக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது. அரசு நிதியில் அந்தத் திட்டத்தை நடத்தியது பி.எஸ்.என்.எல். அதுவரை அந்தமான் இணையத்துக்குச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. லாபக் கணக்கு மட்டும் பார்க்கிற கம்பெனி எதுவும் அத்தனை சிறிய சந்தைக்கு அந்தச் செலவைச் செய்திருக்காது. எனவே மூட வேண்டாம் என்பதே என் பதில்.