மருந்து இலவசமாக இருந்தும் ஏழைகளுக்கு மருத்துவம் ஏன் போய்ச் சேருவதில்லை?

ஏழை நாடுகளில் மருத்துவம் எல்லோரையும் எட்டாததற்கு டாக்டர் பற்றாக்குறை காரணமா, பணம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, காசிமேட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆனால் 2012ல் தொடங்கி என் கடையில் வைத்து டிபி நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து வருகிறேன். டாட்ஸ் திட்டத்தில் அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் கையில் மருந்தைக் கொடுத்து, அவர் கண்ணெதிரே நோயாளி விழுங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள், அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். அதனால் டிபியை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

டாக்டர் ஃபீஸ் எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய தடை கிடையாது. அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, வியாசர்பாடியில் திருவேங்கடம் டாக்டர், பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் டாக்டர் என்று ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் கடைசிவரை இங்கேதான் இருந்தார்கள். டிபி மாத்திரையும் முழுக்க இலவசம். அப்படியும் பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தூக்குபவர். ராத்திரி ஒரு மணிக்கு வேலை, காலை ஒன்பது, ஒன்பதரைக்கு முடியும். அதற்குமேல் குளித்துவிட்டு, மாத்திரை வாங்க வரிசையில் போய் நின்றால் தூக்கம் போச்சு, தூங்கவில்லை என்றால் அடுத்த ராத்திரி வேலை போச்சு. அதனால்தான் என் கடையில் கொடுக்கச் சொன்னார்கள். அப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மருந்து மொத்தமும் அவர் பெயர் எழுதிய ஒரே பெட்டியில் வரும், புது நோயாளி என்றால் சிவப்புப் பெட்டி. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டு வைக்கும் அலமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே வேளையில் ஏழு மாத்திரை. மூன்றாவது வாரமே மனிதர் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "துன்னாம போட்டா வாந்தி வருதுக்கா. துன்றதுக்கு வேலைக்குப் போனாத்தான் துட்டு, வேலைக்குப் போனா மேல்மூச்சு வாங்குது, நான் இன்னாதான்கா பண்றது" என்றார். என்னிடம் பதில் இல்லை. எதிர்த்தாற்போல இட்லிக்கடை போடும் ஆயாவிடம் சொல்லி மூன்று இட்லிக்கு ஏற்பாடு செய்தேன், நான் காசு கொடுத்தது பாதி நாள், மீதி நாள் ஆயா வாங்கிக்கொள்ளவே இல்லை.

அப்படியும் இரண்டாவது மாதம் இருமல் நின்றதும் வருவதை விட்டுவிட்டார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உடம்பு தேறினால் முதலில் விட்டுப்போன கூலியைத்தானே பிடிப்பார்கள்? நாலு மாதம் கழித்து மறுபடி சளியில் கிருமி தெரிந்தது. இந்த முறை நீலப் பெட்டி, எட்டு மாதம், அதில் முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஊசியை நான் போட முடியாது, ஆகவே எந்த வரிசைக்குப் பயந்து என் கடைக்கு வந்தாரோ அதே வரிசையில் போய் நின்றார். அந்த இரண்டு மாதம் வீட்டை ஓட்டியது அவர் மனைவி மீன் கூடை சுமந்து சம்பாதித்ததுதான். எட்டு மாதமும் முடித்தார், இப்போது நன்றாக இருக்கிறார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. டிபிக்கு வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்குக் காட்டியதே இந்த ஊர்தான். 1956ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழி வந்தது. அதுவரை டிபி என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பெயரே அதிலிருந்து வந்ததுதானே. அத்தனை பேருக்குப் படுக்கை கிடையாது, அதனால் சென்னையின் ஏழை நோயாளிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரை வீட்டில் வைத்தும் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும் ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது மட்டமான சாப்பாடாக இருந்தும். வீட்டாருக்குத் தொற்றியதும் அதிகமில்லை. 1959ல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வைத்தது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சாப்பாடு மட்டமாக இருந்தாலும் குணமாகும், அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் ஒழுங்காகச் சாப்பிட வைப்பதற்கே வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது என் கடை வாசலில் நான் பார்த்தது. நோய் வராமல் தடுப்பதிலும் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு என்று அதே சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து ஜார்கண்டில் நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. நோயாளி வீட்டில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்ததற்கே, அந்த வீட்டில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரிசி பருப்புக்கு!

சரி, இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2017லிருந்து தினசரி மாத்திரை, நாலு மருந்தும் ஒரே மாத்திரைக்குள். 2018லிருந்து சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் பேங்க் கணக்கில் போட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து 1000. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் 2019ல் வந்த ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயது, பேக்கிங் கம்பெனியில் வேலை, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். விஷயம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். மாத்திரை அட்டையை வீட்டில் வைக்க பயம், மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று. மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், லைன் வீட்டில் பொதுக் கக்கூஸ், அதற்குக்கூட ஒரு வாளித் தண்ணீரோடு போவாள். பணத்தைப் பற்றிக் கேட்டேன். "வேணாங்க்கா, அப்பா போனுக்கு மெசேஜ் வந்துடும்" என்றாள். ஆறு மாதம், 500 வீதம் 3000 ரூபாய், ஒரு பைசா வாங்கவில்லை. திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, போன் யார் கையில் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவள் என் கடைக்கு வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதனால் முதல் நாளே ஒரு பச்சை ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கை கொஞ்சம் பிடிக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும் என்று. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்து, யாராவது இருந்தால் "என் ரவிக்கை ஆச்சாக்கா" என்று கேட்பாள், நான் "நாளைக்கு வாம்மா" என்பேன், ஆள் போனதும் மூன்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவாள். ஆறு மாதமும் அந்த ரவிக்கை ஆணியில் தொங்கியது, நடுவில் தைக்க வந்தவர்கள் இரண்டு பேர் அது விலைக்கா என்று கேட்டார்கள். கடைசி சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த அன்றைக்குத்தான் அதை எடுத்து நிஜமாகவே கையைப் பிரித்தேன். தேவைப்பட்டது, அந்த ஆறு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியிருந்தாள்.