மலையோரத்தில் கடை நடத்துகிறவர்கள் பேரிடருக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: இடுக்கி, தேனி மாதிரி மலைப்பகுதிகளில் சிறு கடையோ தொழிலோ நடத்துகிறவர்கள் வெள்ளம், மண்சரிவு போன்ற அவசர காலத்துக்கு எப்படித் தயாராகலாம்? ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம்? ஒத்திகையெல்லாம் உண்மையில் பலன் தருமா?

குமுளியில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு மதுரை, தேனி, கம்பத்திலிருந்து மேலே ஏறி வரும். வாங்குகிறவர்கள் வண்டிப்பெரியாறு, அணக்கரை, வண்டன்மேடு பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்களும் எஸ்டேட் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) குடும்பங்களும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளின் திட்ட அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முதலில், பேரிடரின் பெயரை வைத்துத் தயாராகாதீர்கள். வெள்ளத்துக்கு ஒரு திட்டம், தீக்கு ஒரு திட்டம், காய்ச்சலுக்கு ஒரு திட்டம் என்று எழுதினால் அது பைலில் தூங்கும். எங்கள் பக்கம் எது வந்தாலும் போவது நாலே விஷயம்தான்: ரோடு, கரண்ட், டவர், ஆள்.

2018 ஆகஸ்டில் வந்தது மழை. கேரளா முழுக்க வெள்ளம், செருதோணி அணையின் ஷட்டரை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள், மலை ரோடுகள் ஊருக்கு ஊர் அறுந்து கிடந்தன. 2020 மார்ச்சில் வந்தது கொரோனா. தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கான வேலையாட்கள் ஒரே நாளில் நின்றுபோனார்கள். 2011 டிசம்பரில் ஒரு சொட்டு மழைகூடக் காரணம் இல்லை. முல்லைப் பெரியாறு பிரச்சினை சூடாகி, எல்லையை அடைத்து, 144 போட்டு, காய்கறி லோடெல்லாம் கீழேயே நின்றது. காரணம் மூன்றும் மூன்று மாதிரி. கடைக்காரனுக்கு மூன்றும் ஒன்றுதான்: லோடு ஏறவில்லை, ஆள் வரவில்லை, ஆளுக்கொரு வதந்தி.

அதனால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, "மூன்று நாள் ரோடு இல்லை, என்ன செய்வேன்?" என்பது. பிறகு அதே கேள்வியைக் கரண்டுக்கும் டவருக்கும் ஆளுக்கும் கேளுங்கள்.

ரோட்டை எடுத்துக்கொள்வோம். தேனிப் பக்கத்திலிருந்து இடுக்கிக்கு ஏற லோயர் கேம்ப் வழியாகக் குமுளி, அப்புறம் கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று வழிகள் உண்டு. ஒன்று அடைந்தால் இன்னொன்று என்று வாயால் சொல்வது சுலபம். உங்கள் லாரி டிரைவர் அந்த ரோட்டில் லோடோடு ஏறியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவதால் எங்கள் டிரைவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. மதுரையிலிருந்து புதிதாக வரும் டிரைவர் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே போன் போட்டுவிடுவார்.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று இ-வே பில், அதாவது லாரியில் ஏறும் சரக்குக்கு ஜிஎஸ்டி தளத்தில் ஆன்லைனில் எடுக்கிற சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. மதுரையிலிருந்து வரும் லோடுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். மண்சரிவில் வண்டி மாட்டி நின்றால் பில் காலாவதியாகிவிடும். காலாவதி ஆவதற்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து, ஆன பிறகு எட்டு மணி நேரம் வரை நீட்டித்துக்கொள்ளலாம். காரணம் கேட்கிற இடத்தில் இயற்கைப் பேரிடர் என்றே ஒரு தேர்வு இருக்கிறது. சட்டம் ஒழுங்கு என்றும் ஒன்று உண்டு, எங்கள் எல்லைக்கென்றே வைத்த மாதிரி! ஆனால் அந்த நேரத்தில் லாகின் யார் கையில் இருக்கிறது? கடையில் கரண்டும் நெட்டும் போயிருந்தால் கீழே கம்பத்திலோ தேனியிலோ இருக்கும் டிரான்ஸ்போர்ட்காரரே நீட்டித்துவிடலாம். அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

குடோனில் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. அரிசி, சர்க்கரை, மாவு, தீப்பெட்டி மேல் தட்டில். எண்ணெய் டின், பிளாஸ்டிக் பாட்டில் கீழே. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவதை மழைக்காலத்து ஈரத்துக்காகவே எல்லோரும் செய்கிறோம். ஆற்றோரத்தில் இருப்பவர்கள் இன்னும் உயரமாக அடுக்க வேண்டும். வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு பக்கம் இருப்பவர்கள் வானத்தோடு முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தையும் பார்த்தாக வேண்டும். 136 அடியில் முதல் எச்சரிக்கை வரும், 142 உச்சவரம்பு. 2021 டிசம்பரில் ராத்திரியில் ஷட்டர் திறந்து வல்லக்கடவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வண்டிப்பெரியாற்றில் எனக்குத் தெரிந்த ஒருவரின் குடோனில் தண்ணீர் ஏறியது. பாலிசி இருந்தது, பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தார். சர்வேயர் வந்து ஸ்டாக் ரெஜிஸ்டரைக் கேட்டார். அது சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்து மேஜை டிராயரில் கூழாகிக் கிடந்தது. கம்ப்யூட்டரும் அதே அறையில். கொள்முதல் பில்களைக் கம்பத்து வியாபாரிகளிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க மாதக்கணக்கில் அலைந்தார், கடைசியில் கிடைத்தது கேட்டதில் பாதிகூட இல்லை. ரெஜிஸ்டரின் பக்கங்களை வாரம் ஒருமுறை போட்டோ எடுத்து, ஊரில் இல்லாத ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். எனக்கு அந்த ஆள் திருப்பூரில் இருக்கும் மச்சான்.

அப்புறம் காப்பீட்டுத் தொகை. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்துப் போடுகிறார்கள். 20 லட்சம் சரக்குக்கு 10 லட்சம் போட்டிருந்து, 4 லட்சம் நஷ்டமானால், முழு 4 லட்சம் வராது. அதே விகிதத்தில் வெட்டி 2 லட்சம்தான் தருவார்கள். சொத்தும் சரக்கும் சேர்த்து 5 கோடி வரை உள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. வெள்ளமும் மண்சரிவும் அதில் அடக்கம். தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள். ஏஜென்டிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இனி ஊர் விஷயம். கடையைவிட இதுதான் முக்கியம்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள், நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. விஷயம் வெளியே தெரிய விடிந்துவிட்டது. மீட்பு வண்டிகள் புறப்பட்டால் வழியில் பெரியவாரையில் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. அங்கே இருந்த பழைய பாலம் 2018 மழையிலேயே போய்விட்டது.

அந்தச் சரிவைத் தடுத்திருக்க முடியுமா, லயங்களை அங்கே கட்டியது சரியா என்பதெல்லாம் வேறு விவாதம், எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் செய்தி வராத அந்த ராத்திரியைப் பற்றி நம்மால் இன்றைக்கே ஏதாவது செய்ய முடியும். எங்கள் வியாபாரிகளும் ஜீப் டிரைவர்களும் பேசி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை வந்து, ராத்திரி போனும் செத்துவிட்டால், காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு எஸ்டேட் பக்கத்திலிருந்தும் ஒரு ஆள் பேசி வைத்த முக்குக்கு வர வேண்டும். வந்து "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். ஆள் வரவில்லையென்றால் அதுவே தகவல், இங்கிருந்து நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். வயர்லெஸ் இல்லை, ஆப் இல்லை, டீச் செலவு மட்டும்தான்.

அந்தச் சிவப்பு, ஆரஞ்சு பற்றியும் ஒரு வார்த்தை. 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்யலாம் என்றால் ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. ஆனால் மூன்று நாள் ஊறிய மண்ணுக்கு மஞ்சளே போதும். மலையில் பிறந்தவர்களுக்கு இது தெரியும்: ஓடை திடீரென்று செங்கலங்கலாக ஓடினாலோ, மழை கொட்டும்போதே வற்றினாலோ, புதிதாக ஊற்று கிளம்பினாலோ, முற்றத்தில் வெடிப்பு விட்டாலோ, நிறத்துக்குக் காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும். வற்றுகிற ஓடை மிகவும் மோசம், மேலே எங்கேயோ அடைத்துக்கொண்டு தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம்.

ஊருக்கு ஒரு பட்டியல் வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், மாதம் நெருங்கிய கர்ப்பிணிகள் யார் யார் என்பது ஆஷா பணியாளருக்கும் வார்டு மெம்பருக்கும் தெரிந்திருக்கும், அவர்களிடமே கேட்கலாம். அவர்களிடம் இல்லாத இன்னொரு பட்டியல் உண்டு: மரம் அறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது, ஜேசிபி யாருடையது, யார் வீட்டில் ஜெனரேட்டர், யார் கடையில் நீளமான வடக்கயிறு. காற்று மழையில் எங்கள் ரோட்டை அடைப்பது பெரும்பாலும் விழுந்த மரம்தான். மரம் அறுக்கிறவரின் நம்பரைத்தான் முதலில் எழுதுவேன், கலெக்டர் ஆபீஸ் நம்பர் அதற்குக் கீழே.

கலெக்டர் ஆபீஸ் என்றதும் இன்னொன்று. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. எல்லையில் உங்கள் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கத்து மாவட்டத்துக்கு அழைப்பு போய்விடலாம். குமுளியில் நின்றுகொண்டு தேனிக்காரரிடம் முகவரி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இடுக்கிக்கு 04862, தேனிக்கு 04546, கோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். வீட்டில் இரண்டு கம்பெனி சிம் இருப்பதும் நல்லது, ஒரு டவர் படுத்தாலும் இன்னொன்று கிடைக்கலாம்.

2011 மாதிரி சமயத்துக்கு இந்தப் பட்டியல் எதுவும் உதவாது. அங்கே எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த பத்துப் பேர் வேண்டும். "கம்பத்தில் மலையாளி கடையை உடைத்துவிட்டார்கள்" என்று குமுளியில் செய்தி பரவினால், கம்பத்துக் கடைக்காரருக்கே போன் போட்டு, "அண்ணாச்சி, உண்மையா?" என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். எங்கள் குரூப்பில் மலையாளிகளும் தமிழர்களும் இருக்கிறோம். அரசியல் பேசக்கூடாது என்பது ஒன்றுதான் விதி, அது அவ்வப்போது மீறப்படுவதும் உண்டு.

ஒத்திகை பலன் தருமா என்று கேட்டிருந்தீர்கள். தரும், ஆனால் பேனர் கட்டி, போட்டோ எடுத்து நடத்துகிறதைச் சொல்லவில்லை. கூட்டமில்லாத ஒரு மத்தியானம் கடையின் மெயினை அணைத்துவிடுங்கள், எல்லோருடைய போனையும் டிராயரில் போடுங்கள், இரண்டு மணி நேரம் வியாபாரம் நடக்கட்டும். யுபிஐ இல்லாதபோது சில்லறை எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், பற்று நோட்டு எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் கிளம்பும். எங்கள் கடையில் தராசு பேட்டரியில் ஓடியது, அதில் பிரச்சினை இல்லை. விலைதான் யாருக்கும் தெரியவில்லை! பையன்கள் இத்தனை நாளும் ஸ்கேன் செய்தே பழகியவர்கள், உளுந்து கிலோ எவ்வளவு என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது, அதிகம் போகிற சாமான்களின் விலையைத் திங்கள்கிழமை தோறும் பென்சிலில் திருத்துகிறோம். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.