தற்காப்புக்காக முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உரிமம் கைக்கு வந்துவிட்டது, இதுவரை சுட்டுப் பழக்கமில்லை, "புதுசா வாங்குறவங்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் லாயக்கு" என்று பலரும் சொல்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. அதிலும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இதே யோசனையை யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். சின்னத் துப்பாக்கி மறைத்து வைக்கச் சுலபம், அவ்வளவுதான். சுடுவதற்கு அதைப்போலச் சிரமப்படுத்துவது வேறில்லை.

கணக்குப் போட்டாலே தெரியும். 5 தோட்டா பிடிக்கிற, குழல் 2 அங்குலம்கூட நிறையாத அலுமினிய ரிவால்வரின் எடை 400 கிராம் சொச்சம். அதன் ட்ரிகரை முழுக்க இழுக்க 5 கிலோ அளவுக்கு விசை வேண்டும். 400 கிராம் பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டே, அதே கையின் ஒற்றை விரலால் 5 கிலோ இழுப்பதை நினைத்துப் பாருங்கள். தோட்டா கிளம்புவதற்கு முன்பே குழல்முனை நகர்ந்திருக்கும்.

அடுத்தது உதை. ஒரே தோட்டாவை 800 கிராம் துப்பாக்கியிலும் 400 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், இலேசானதில் கைக்கு வந்து சேரும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் உள்ளங்கை வலிக்கும். வலிக்கிற பொருளை எடுத்துக்கொண்டு யாரும் பயிற்சிக்குப் போவதில்லை, அலமாரியில்தான் வைப்பார்கள்.

சைட், அதாவது குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் இருக்கும் மேடுகள், அந்த விஷயமும் உண்டு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 10 செ.மீ. மட்டும் இருந்தால், முன் சைட் 1 மி.மீ. விலகினாலே 7 மீட்டர் தூரத்தில் தோட்டா 7 செ.மீ. தள்ளிப் போகும். இடைவெளி 15 செ.மீ. என்றால் அதே பிழைக்கு 4.7 செ.மீ.தான். தேர்ந்த கை இந்தக் குறைகளைச் சமாளிக்கும். முதல் துப்பாக்கிக்கு வேண்டாம்.

ரிவால்வரே வேண்டாம் என்பதல்ல. 3 அல்லது 4 அங்குலக் குழலோடு எஃகில் செய்த, .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போடும் ரிவால்வர் நல்ல கருவி. செமி ஆட்டோ துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுக்கவே முடியாத அளவுக்குக் கைமூட்டு வலி உள்ளவருக்கு அதுதான் பொருத்தம், 5 கிலோ ட்ரிகரை அந்த விரல் இழுக்குமா என்று பார்த்துவிட்டு.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை நடுத்தர அளவில் ஒரு 9 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக், ஒவ்வொரு முறை சுட்டதும் ஸ்லைடு தானே பின்போய் அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. குழல் 4 அங்குலத்தை ஒட்டி, காலி எடை 600 முதல் 800 கிராம். 1988இல் வந்த கிளாக் 19 இந்த அளவுக்கு ஒரு முழக்கோல் மாதிரி: குழல் 102 மி.மீ., மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 15 தோட்டா, மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம். அதையே வாங்க வேண்டும் என்று இல்லை. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, என்ற சண்டையில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். 9×19 என்று குறிக்கும் அந்த 9 மி.மீ. தோட்டா 1902 முதல் இருக்கிறது, எளிதாகக் கிடைக்கும், உதை அடக்கமானது. 124 கிரெய்ன், அதாவது 8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் 490 ஜூல் ஆற்றல். தற்காப்புக்கு அது போதும். .45 என்றால் உதை கூடும், மேகசினில் தோட்டா குறையும். .22இல் பயிற்சி சுகம்தான். ஆனால் அந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் விளிம்புக்குள் இருப்பதால், அடித்தும் வெடிக்காத தோட்டாக்கள் மற்ற வகைகளைவிட அதிகம் வரும். சில நாடுகளில் இராணுவத் தோட்டா என்ற கணக்கில் 9×19 பொதுமக்களுக்குத் தடை. அங்கே .380 அல்லது .32தான் கிடைக்கும். அதனால் முதலில் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

.380 வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பாணித் துப்பாக்கிகள் பலவற்றில் குழல் அசையாமல் நிற்கும், ஸ்லைடைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது, ஸ்பிரிங்கின் பலமும் ஸ்லைடின் எடையும்தான் எல்லாவற்றையும் தாங்கும். தோட்டா சின்னது என்று வாங்கினால் 9 மி.மீ.யைவிட ஸ்லைடு இழுக்கக் கடினமாகவும் உதை சுருக்கென்றும் இருக்கும்.

இனி கை. வாங்குவதில் முக்கால் பங்கு இதுதான். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகு பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவு பிடியின் மேல் உச்சியில் போய் உட்கார வேண்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். இந்த நிலை மாறாமல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவிலுள்ள சதை ட்ரிகரின் நடுவில் படிய வேண்டும். விரல்நுனி மட்டும் எட்டினால் பிடி உங்களுக்குப் பெரிது. எட்டவைக்கக் கையைச் சுற்றிப் பிடித்தால் உதை முழுவதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போய்விட்டால் பிடி சிறிது. பின்பக்க அட்டையை மாற்றிப் பிடியின் பருமனைச் சரிசெய்யும் மாடல்கள் இருக்கின்றன. கைக்குப் பொருந்தாத துப்பாக்கியைப் "பழகிடும்" என்று விற்பார்கள். பழகாது.

ஸ்லைடை இழுக்க வரவில்லை என்று பலர் நல்ல துப்பாக்கியைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் பலத்தில் இல்லை, முறையில். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள், முனை நேர் முன்னே பாதுகாப்பான திசையில் இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பகுதி மேல் கவிழ்த்து, ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் உள்ளங்கையின் அடிமேடு என்று இறுக்குங்கள். இப்போது இடது கையை இழுக்காமல், வலது கையால் துப்பாக்கியை முன்னால் குத்துவதுபோல் தள்ளுங்கள். ஸ்லைடு கடைசிவரை போனதும் இடது கையைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். கூடவே கொண்டுபோய் வைத்தால் ஸ்லைடு முழுசாக மூடாது. புதியவர்கள் இதைச் செய்யும்போது உடம்பைத் திருப்பி முனையைப் பக்கத்தில் நிற்பவர் பக்கம் காட்டிவிடுவார்கள். பயிற்சிக்கூடத்தில் அதிகம் திட்டு விழுவது இதற்குத்தான். இப்படியும் முடியவில்லை என்றால் ஸ்பிரிங் இலேசான மாடல்கள் உண்டு. ஸ்மித் அண்ட் வெசன் 2018இல் கொண்டுவந்த ஷீல்டு ஈஸி அதற்கென்றே செய்தது.

சேஃப்டி பொத்தான் வேண்டுமா என்பது ருசி சார்ந்தது. இருந்தால் ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் தட்டிப் பழக வேண்டும், இல்லையென்றால் தேவைப்படும் நொடியில் மறந்துபோகும். இல்லாத துப்பாக்கியில் உறைதான் சேஃப்டி: ட்ரிகரை முழுவதும் மூடுகிற, அழுத்தினாலும் மடங்காத உறை. தவறிச் சுட்டுக்கொள்வது பல சமயம் துப்பாக்கியை உறைக்குள் திருப்பி வைக்கும்போது நடக்கிறது. சட்டையின் ஓரமோ ஜாக்கெட்டின் கயிறோ ட்ரிகருக்குள் மாட்டிக்கொள்ளும். உருவுவதற்கு வேகம் வேண்டும். வைப்பதற்கு எந்த அவசரமும் இல்லை, குனிந்து பார்த்து வையுங்கள்.

வாங்கும் முன் வாடகைக்குச் சுட்டுப் பார்க்க வழியிருந்தால் அதற்கு மிஞ்சிய சோதனை இல்லை. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வெடிச்சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 5 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டளவு குறி, 50 தோட்டா. வலது கைக்காரருக்குக் குறிகள் கீழே இடப்பக்கமாக இறங்கினால் சைட்டைக் குறை சொல்லாதீர்கள். உதை வரப்போகிறது என்று கை முந்திக்கொண்டு அமுக்குகிறது. மேகசினில் நடுநடுவே போலித் தோட்டாக்களை வேறொருவர் கலந்து வைக்கட்டும். போலித் தோட்டா வரும்போது சத்தமில்லாமல் முனை மட்டும் தலைகுனியும், அப்போது உங்களுக்கே புரியும்.

செமி ஆட்டோவில் வரும் தடங்கல்களைக் கண்டு பயப்பட வேண்டாம், காரணம் தெரிந்தால் போதும். மணிக்கட்டைத் தளர்வாக வைத்தால் துப்பாக்கி முழுவதும் பின்னால் போகும், ஸ்லைடு தனியாகப் பின்னால் போகத் தேவையான தாங்கல் கிடைக்காது. காலித் தோட்டா வெளியே விழாமல் ஸ்லைடில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். மேகசினின் அடியை ஓங்கித் தட்டி, ஸ்லைடை ஒருமுறை முழுக்க இழுத்துவிட்டால் சரியாகும். இரண்டு தோட்டா சேர்ந்து மாட்டிக்கொண்டால் இது பலிக்காது. மேகசினைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். ட்ரிகரை இழுத்து "டப்" என்று பலவீனமான சத்தம் மட்டும் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். சத்தமே வரவில்லை என்றால் முனையைக் குறித்திசையிலேயே 30 நொடி வைத்திருங்கள், தாமதமாகவும் வெடிப்பதுண்டு.

பயிற்சிக்கு முழு உலோக உறையிட்ட குண்டு. தற்காப்புக்கு, சட்டம் விட்டால், உள்ளே பட்டதும் விரியும் ஹாலோ பாயிண்ட், அது ஊடுருவி அப்பால் நிற்பவர் மேல் படும் அபாயம் குறைவு. வைத்துக்கொள்ளப் போகும் அதே தோட்டாவில் குறைந்தது 50 சுடுகள் தடங்கலில்லாமல் ஓட வேண்டும், எல்லா மேகசினிலும். மற்றபடி முதல் 200 தோட்டாவுக்குள் துப்பாக்கியின் சுபாவம் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று, துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசை. முதலில் மேகசின் வெளியே. பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருப்பதை வெளியேற்று. பிறகு ஸ்லைடைத் திறந்தே பூட்டி, சேம்பருக்குள் பார், சுண்டுவிரலை விட்டும் பார். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? முதலில் ஸ்லைடை இழுக்கிறீர்கள், ஒரு தோட்டா வெளியே விழுகிறது. ஸ்லைடு திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே தள்ளிவிடுகிறது. அப்புறம் மேகசினை எடுக்கிறீர்கள். கையில் மேகசின், தரையில் ஒரு தோட்டா, பார்த்தால் காலி. சேம்பரில் ஒன்று தயாராக இருக்கிறது. "காலின்னு நெனச்சேன்" என்று சொல்லப்படும் விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்.

வீட்டில் வைப்பதற்குத் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்ட சின்ன இரும்புப் பெட்டி, விரலால் அழுத்தும் பொத்தான் பூட்டு. தலையணை அடி, பீரோவின் மேல்தட்டு எல்லாம் குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்கள். வீட்டில் யாராவது கடும் மனச்சோர்வில் இருந்தால் அந்தக் காலம் முடியும்வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்க வேண்டாம், சட்டப்படி ஒப்படைக்கக்கூடிய வேறிடத்தில் வையுங்கள். பூட்டு மட்டும் அந்த நேரத்தில் போதாது.

இரவில் தோட்டா ஏற்றி, காலையில் இறக்கிப் பெட்டியில் வைக்கும் பழக்கமிருந்தால், அதே தோட்டாவையே தினமும் மேலே போடாதீர்கள். சேம்பருக்குள் ஒவ்வொரு முறை இடித்து நுழையும்போதும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் அமுங்கும், உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். புதுத் தோட்டா ஒன்றை அதன் பக்கத்தில் மேசையில் நிறுத்திப் பாருங்கள். உயரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் அந்தப் பழையதைப் பயிற்சிக்குக்கூடச் சுடாமல், கடையிலோ பயிற்சிக்கூடத்திலோ அழிக்கக் கொடுத்துவிடுங்கள்.